மார்ஜ், உன்னை மறக்கமாட்டோம்

1

இந்தக் கதையின் முதல் வரியை நான் காகிதத்தில் எழுதவில்லை, கேக்கின் மேல் எழுதினேன். ஊதா க்ரீமில், கொஞ்சம் சாய்வான எழுத்தில்: "மார்ஜ், உன்னை மறக்கமாட்டோம்!" ஆச்சரியக்குறி ஆர்டரிலேயே இருந்தது, நானாகப் போடவில்லை. நான் ஆச்சரியக்குறி போடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

கடை என் மனைவி அரசியுடையது. மெல்பர்னின் கிழக்குப் பக்கம், ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கிறது. மாவும் முட்டையும் அடுப்பும் அவள் பொறுப்பு, மேலே எழுதுவது மட்டும் என் வேலை. தமிழில் கதை எழுதி யாரும் பிழைத்ததில்லை. கேக்கில் எழுதினால் பிழைக்கலாம். வாசகர்கள் கடைசி எழுத்துவரை தின்று தீர்க்கிறார்கள், எந்தப் பத்திரிகையில் கிடைக்கும் இந்த மரியாதை?

அந்தக் கேக்கை ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்ததை எழுத உட்காரும்போதெல்லாம் வயிறு எரிந்து பேனாவை வைத்துவிடுகிறேன். கோபத்தில் எழுதக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்குக் கோபம் வருகிற மாதிரி எதுவும் நடந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: "நோலீன் ஹாரப், வார்நம்பூல் என்ற கடலோர ஊரில், கறிக்கடைக்காரர் ஒருவரின் மூன்றாவது மகளாக—"

இதை விட்டுவிட்டேன். பிறந்த ஊரில் தொடங்கினால் இரங்கல் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. அவள் உயிரோடுதான் இருக்கிறாள். இந்தக் கதையின் சண்டையே அதுதான்.

இரண்டாம் தொடக்கம்: "கார்ல்டனில் ஒரு பழைய பிஸ்கட் கிடங்கை நாடக அரங்காக்கியிருந்தார்கள். அங்கே, நடுத்தர வயது ராணியாக இளம்பெண் நோலீன் மேடையேறி, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்தவர் தன்னையறியாமல் எழுந்து தன் நாற்காலியை மேடைக்கு—"

இது நல்ல தொடக்கம். ஆனால் நான் அப்போது இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை. இதைச் சொன்னவள் காஸ், அந்த அரங்கின் மேடை மேலாளராக இருந்தவள், பிற்பாடு ஸ்டுடியோவின் தள மேலாளர். காஸ் சத்தியம் செய்தே சொன்னாள் என்றாலும், நாடகக்காரர்களின் சத்தியத்துக்கு நாலு ஆட்டம்தான் ஆயுசு.

மூன்றாம் தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்:

முப்பத்தாறு வயதில் நோலீனுக்கு முப்பத்திரண்டு வயதில் ஒரு மகன் பிறந்தான்.

"பாங்க்ஸியா தெரு" என்ற தொடருக்காக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு வருவது. ஊரே சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும். நோலீன் வசனம் பேசிக் காட்டியது பள்ளி ஆசிரியை வேடத்துக்கு. கிடைத்தது தெருமுனைப் பால்கடைக்கார அம்மா வேடம். பெயர் மார்ஜ். நரைக்குக் கொஞ்சம் பவுடர், இடுப்பில் ஏப்ரன். மகனாக நடித்தவன் பெயர் பிரோடி, கடலில் அலைச்சறுக்கு விளையாடி உடம்பைத் தேற்றி வைத்திருந்தவன். அவன் கேமராவுக்கு வெளியேயும் "என்னம்மா" என்றே கூப்பிட்டான். அவளும் சளைக்கவில்லை.

"நீ பொறக்கும்போது எனக்கு நாலு வயசுடா. வலி இன்னும் ஞாபகம் இருக்கு."

சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே பதினான்கு வருடம் ஓடிவிட்டது. நமக்கு இது புதிதா என்ன? நம் படங்களில் நேற்று கதாநாயகரோடு மரத்தைச் சுற்றிப் பாடியவளை இன்று அவருக்கே அம்மாவாக்கி, இருமல் மருந்து கொடுத்து மூலையில் உட்கார வைப்பதை நாம் பாப்கார்ன் தின்றுகொண்டு பார்த்தவர்கள்தானே. ஜோடியாக ஆடிய அந்த ஆண் மட்டும் கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு ஓடுவான். அநியாயத்துக்கு ஊர் பேர் கிடையாது. அங்கே தோசை, இங்கே ஆட்டிறைச்சி அடைத்த 'பை' என்கிற பலகாரம்.

3

இனி நான் கண்ணால் பார்த்தது.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். ஒரு நடிகரின் கடைசிக் காட்சி முடிந்ததும் தள்ளுவண்டியில் கேக் வரும். சக்கரச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். விளக்குக்காரர் ஏணியில் நின்றபடி தட்டுவார். யாருக்கு என்று பார்ப்பதற்கு முன்பே தட்டிவிடுவார்கள், அவ்வளவு பழக்கம்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தேநீர் இடைவேளை. நோலீன் செட்டில் போட்டிருந்த பால்கடையின் கல்லாவில் சாய்ந்து, ஏப்ரனில் பிஸ்கட் பொடி சிந்தச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சக்கரச் சத்தம் கேட்டது. எல்லோரும் தட்டினார்கள். பிஸ்கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அவளும் தட்டினாள்.

"யாருப்பா அந்தப் பாவம்? சொல்லவே இல்ல?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டாள்.

வண்டி அவள் முன்னால் நின்றது. நிறுத்தியது நான்தான், அங்கே நிறுத்தச் சொல்லித்தான் ஆர்டர் சீட்டில் இருந்தது. அவள் குனிந்து படித்தாள். கை தட்டிய நிலையிலேயே நின்றது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு தேங்காய் அளவு இடைவெளி.

யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தயாரிப்பாளர் டேமியன், அவளுடைய ஏஜென்ட் சொல்லியிருப்பான் என்று இருந்துவிட்டான். ஏஜென்ட், டேமியன் சொல்லியிருப்பான் என்று மீன்பிடிக்கப் போய்விட்டான். மார்ஜ் சாகும் காட்சி ஒரு வாரம் தள்ளிப்போனது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கேக்கைத் தள்ளிப்போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆக, அவளுக்கு அவள் முடிவைச் சொன்னது என் க்ரீம். அதிலும் அவள் பெயர் இல்லை. மறக்கமாட்டோம் என்று எழுதச் சொன்னவர்கள் அவளிடம் சொல்ல மறந்தார்கள், அவள் பெயரையும் மறந்தார்கள்.

[இந்த இடத்தில் அவள் அழுததாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.]

அவள் என்னைப் பார்த்தாள். "ஏம்பா கேக்கு, இந்த எழுத்து உன்னோடதா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கு," என்றாள். "வேற என்ன எழுதுவ?"

ஏன் சொன்னேனோ, "கதையும் எழுதுவேங்க" என்றேன்.

"அப்ப நீயும் கொல்லுறவன்தான்." ஏப்ரனை உதறிவிட்டு டேமியனின் அறைக்கு மாடிப்படி ஏறினாள்.

4

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இவர்கள் மொழியில் நீ, நீங்க என்ற தொல்லை கிடையாது, எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தமிழில் எழுதும்போது நான்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. டேமியன் அவளைவிட இருபது வயது சின்னவன். அவன் வாயில் "நீங்க" போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவன். அதனால் அவனுக்கு "நீ"தான்.

மாடியில் நடந்ததைக் கதவருகே நின்ற காஸ் கேட்டாள், காஸ் சொல்லி நான் எழுதுகிறேன்.

"நோலீன், டார்லிங், நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? சவப்பெட்டிய மூடும்போதா?"

"இது உனக்கு ஒரு பெரிய கௌரவம். லாரி வந்து கடைக்குள்ளேயே பாயுது. நாடே ஆடிப்போயிடும்."

"லாரிக்குக் கௌரவம். எனக்கு என்ன?"

"நீ கோமாவுல இருக்க. ஷேன் வந்து உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெரிய பேச்சு பேசுறான். அப்புறம் மிஷினை நிறுத்துறான். நீ சும்மா படுத்திருந்தாப் போதும்."

ஷேன் என்பது பிரோடியின் வேடம், அந்த முப்பத்திரண்டு வயதுக் குழந்தை.

நோலீன் உட்கார்ந்தாள். எதைக் கேட்பது என்று அப்போதுதான் அவளுக்கே பிடிபட்டது என்று காஸ் சொன்னாள். வேலை போவது பற்றி அவள் பேசவே இல்லை. நாடகத்தில் இருந்து வந்தவளுக்கு வேலை போவது மழை மாதிரி, குடை இருக்கிறது. அவள் கேட்டது வேறு.

"டேமியன், ஒரு வரி குடு."

"என்ன வரி?"

"ஒரே ஒரு வரி. இத்தனை வருஷம் அந்தக் கல்லாவுல நின்னு ஊர் கதையெல்லாம் கேட்டிருக்கேன். போறப்ப நானா ஒரு வாக்கியம் சொல்லிட்டு, கடையப் பூட்டிட்டுப் போறேன். முகத்தைக் காட்டி, குரல் கேக்குற மாதிரி. அப்புறம் லாரிய விடு, ரயில விடு, உன் இஷ்டம்."

"கோமாவுல இருக்கறவ எப்படிப் பேசுவா?"

"என்னைக் கோமாவுல போட்டது டாக்டரா, நீயா?"

டேமியன் போனைப் பார்த்தான். "கதைக்கு அது தேவைப்படல, நோலீன்."

கதைக்குத் தேவைப்படவில்லை! இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுதுகிறேன். (பார்த்தீர்களா, ஆச்சரியக்குறி வந்துவிட்டது.) கதைக்கு என்ன தேவை என்று கதைக்கே தெரியாது. அதைச் சொல்வது எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்தான். பழியை மட்டும் கதைமேல் போட்டுவிடுவான், கோழியைத் திருடியவன் நரிமேல் போடுவதுபோல.

5

இதுவரை எழுதியதை அரசிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முட்டையை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா என்ன, சாமியா? ஒரு குத்தங்குறை கிடையாதா?"

நியாயமான கேள்வி. எனக்கும் இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஆகவே விசாரித்தேன், கிடைத்ததை எழுதுகிறேன். நோலீன், தன்னோடு நடிப்பவர்களின் நல்ல வசனங்களில் இருமுவாள். பள்ளி ஆசிரியையாக நடித்த பெண்ணின் திருமணக் காட்சியில் சீனிப் புட்டியைக் கீழே போட்டு எல்லாக் கண்ணையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரசிகர் யாராவது கடையில் பிடித்து "மார்ஜ், பால் விலை ஏறிடுச்சே?" என்றால் "நான் மார்ஜ் இல்ல" என்று எரிந்துவிழுவாள், அடையாளம் தெரியாமல் யாராவது கடந்து போனால் அதற்கும் எரிந்துவிழுவாள். இதற்கெல்லாம் மேலே ஒன்று: இத்தனை வருடத்தில் வந்த எத்தனையோ கேக்குகளுக்கு அவளும் கைதட்டியிருக்கிறாள். போகிறவர்களிடம் முன்பே சொன்னார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இப்ப சரியா?" என்றேன்.

"இப்பத்தான் எனக்கு அவளப் பிடிக்குது," என்றாள் அரசி. "அந்தச் சீனிப் புட்டி நல்லா இருக்கு."

6

அடுத்த வாரம் மீண்டும் ஆர்டர் வந்தது. அதே கேக், அதே வரி, அதே ஆச்சரியக்குறி.

எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. கேக்கை வெள்ளையாகவே பெட்டியில் வைத்து, க்ரீம் பிழியும் பையைச் சட்டைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் போனபோது படப்பிடிப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது நின்ற இடத்தில் நிற்கவேண்டும். செட்டுக்குப் பின்னால், இரண்டு தட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில். நோலீன் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தலையில் கட்டு, விரலில் மார்ஜின் மோதிரம். காஸ் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள். அது என்ன என்று அப்புறம் தெரிந்தது: "சூக்காஸ்."

இந்த ஊர் நாடகக்காரர்கள் முதல் நாள் ஆட்டத்துக்கு முன் "நல்லபடியா பண்ணு" என்று சொல்லமாட்டார்கள். அது ஆகாது. "சூக்காஸ்" என்பார்கள். கோழி என்று அர்த்தம். அரங்கு நிறைந்தால் அன்று கோழிக்கறி என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னதாம். அது மேடைக்கு மட்டும் சொல்வது. டிவி ஷூட்டிங்கில் யாரும் சொல்வதில்லை. காஸ் சொன்னாள். கட்டிலில் கிடந்தவளிடம், இது மேடை என்று சொன்னாள்.

பிரோடி பேச ஆரம்பித்தான். நீளமான பேச்சு. அம்மாவின் பால் மணம், அம்மாவின் கை, எனக்காக நீ பட்ட பாடு. நன்றாகவே பேசினான், பாவம், கண்ணில் உண்மையான தண்ணீர். மிஷின் பொத்தானுக்குக் கை போனது.

நோலீன் கண்ணைத் திறந்தாள்.

பேசவில்லை, அசையவில்லை. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிரோடியின் கை பாதியில் நின்றது. திறந்த கண்ணோடு பார்க்கிறவளின் மிஷினை எவன் நிறுத்துவான்?

ஒலிபெருக்கியில் டேமியன் குரல். "கட். நோலீன், கண்ணு திறந்திருச்சு."

"அப்படியா? மன்னிச்சுக்க."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி பேச்சு, தண்ணீர், பொத்தான். மறுபடி கண் திறந்தது. தட்டிகளுக்கு நடுவே நின்றபடி காஸ் சொன்ன நாற்காலிக் கதையை அந்த நிமிடம் நம்பினேன், நானே நாற்காலி கொண்டுபோய்ப் போட்டிருப்பேன்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு டேமியன் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன பண்ற நீ?"

"நடிக்கிறேன்."

"கண்ணை மூடு, நோலீன்."

"வரி குடு, மூடுறேன்."

பிரோடி தொண்டையைச் செருமினான். "ஒரு வரிதானே, டேமியன். குடுத்துட்டாத்தான் என்ன?" அவனை நான் உடம்பு மட்டும் உள்ளவன் என்று மேலே எழுதிவிட்டேன், திருத்தவில்லை, நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

டேமியன் எல்லோரையும் தேநீருக்கு அனுப்பினான். பத்து நிமிடத்தில் உடைக்காரப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்தாள். "நோலீன்... அந்த மோதிரத்த மட்டும் கழட்டித் தர்றீங்களா?"

நோலீன் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எச்சில் தொட்டுக் கழற்றிக் கொடுத்தாள். தெருவில் நடந்து போகிறவளாக வரும் துணை நடிகை ஒருத்தியைக் கட்டிலில் படுக்கவைத்து, முகம் தெரியாதபடி போர்வை இழுத்து, மோதிரக் கையை மட்டும் வெளியே வைத்தார்கள். பிரோடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பேசினான், இந்த முறை தண்ணீர் வரவில்லை. பொத்தானை அழுத்தினான். காட்சி ஓகே.

நாடே அழுதது என்று பத்திரிகைகள் எழுதின. யாரோ ஒருத்தியின் கையைப் பார்த்து அழுதது. இதற்குமேல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7

இங்கே முடிக்கலாம். எழுதியும் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நோலீன் போர்வையை உதறி எழுந்து ஒரு பக்க அளவுக்கு வசனம் பேசுகிறாள், ஸ்டுடியோ அதிர்கிறது. அரசி கேட்டுவிட்டு, "பின்னணி இசை எங்க?" என்றாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நோலீன் மறுபடி கார்ல்டன் மேடைக்குப் போய், கைதட்டல் வானைப் பிளக்க— இதையும் அடித்துவிட்டேன். மேடைக்குப் போனது உண்மைதான், இன்றும் நடிக்கிறாள். அரங்கில் பாதி காலி. ராணி நடுமேடையில் மூச்சைப் பிடித்து நிற்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் "மார்ஜ்டா" என்று சொல்வது கேட்கும். அவளுக்கும் கேட்கும்.

முடிவு மூன்று: டேமியனுக்கு வேலை போகிறது. இதை ஆசையோடு எழுதினேன். அவனுக்குப் பதவி உயர்ந்துவிட்டது.

ஒவ்வொரு முடிவிலும் அவள் கேட்காத ஒன்றை அவளுக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன் என்பதைக் கவனித்தீர்களா? டேமியன் ஒரு வரி கொடுக்க மறுத்தான், நான் வாரி வழங்குகிறேன், வித்தியாசம் அவ்வளவே. இரண்டு பேருமே எழுதிக் கொடுக்கிறவர்கள். அவள் கேட்டதோ, "நானா ஒரு வாக்கியம்."

8

ஆகவே நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. காஸ் எனக்குச் சைகை காட்டினாள். வண்டியைத் தள்ளினேன். சக்கரச் சத்தம் கேட்டது, எல்லோரும் தட்டினார்கள், ஏணிமேல் இருந்தவரும் தட்டினார். நோலீன் ஒப்பனையைக் கலைத்துவிட்டு, தன் சொந்தக் கம்பளிச் சட்டையில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

டேமியன் பெட்டியைத் திறந்தான். "எழுத்து எங்க?"

"எழுத வரலைங்க," என்றேன்.

"வரலையா? இதுக்குத்தான ஆர்டர்?" அவன் என் சட்டையில் செருகியிருந்த பையைப் பார்த்தான். "சரி, இப்ப எழுது. சீக்கிரம்."

பையை எடுத்தேன். அதற்குள் நோலீன் என் கையிலிருந்து அதை வாங்கிவிட்டாள். பிடுங்கவில்லை, தராசில் இருப்பதை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டாள். "மேல முறுக்கிப் பிடிக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கடை வாசல் பலகையில் இத்தனை வருடம் அவள்தான் "இன்று பன் தீர்ந்தது", "உள்ளே வா, மழை" என்று சாக்கட்டியில் எழுதுவாள், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும். 

வெள்ளைக் கேக்கின் மேல் ஒரு வரி எழுதினாள்.

[                                        ]

நான் படித்தேன். அங்கே இருந்த எல்லோரும் படித்தோம். அவள் தன் பெயரை எழுதியிருப்பாள் என்று அரசி அடித்துச் சொல்கிறாள். டேமியனின் அம்மாவை இழுத்துத் திட்டியதாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் சொல்லமாட்டேன். அதை இங்கே எடுத்து எழுதினால் அது என் கையெழுத்தாகிவிடும். அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு வரி. இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கண்டிப்பாக நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் நிரப்புங்கள், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நிரப்பாதீர்கள். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் போய்ப் பதினான்கு வருடம் நின்றுவிட்டு வந்து நிரப்புங்கள்.

படித்து முடித்ததும் பிரோடி தரையைப் பார்த்தான். காஸ் கையால் வாயை மூடிக்கொண்டாள். டேமியன் முதல்முறையாகப் போனைப் பாக்கெட்டில் வைத்தான்.

நோலீன் பையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். விரலில் ஒட்டிய க்ரீமை நக்கினாள். பிறகு சுற்றி நின்ற எல்லோரையும், ஒருவர் விடாமல், கட்டிலில் திறந்த அதே கண்ணால் பார்த்தாள்.

"என்னப்பா நின்னுட்டீங்க? தட்டுங்க. கேக் வந்தாத் தட்டணும்ல?"